சின்ன ஊர் அருவி, ஒரே ஒரு நாள்: முதலில் குளியலா, முதலில் நடையா?

நனைந்தகுடை கேட்டது:

வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஒரு சின்ன ஊருக்குப் போகிறோம். அங்கே பார்க்க இருப்பது ஒரே ஒரு அருவிதான், அதைச் சுற்றி மூன்று நடைபாதைகள். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். எனக்கு வேண்டியது எந்த அருவிக்கும் பொருந்துகிற யோசனை, ஏனென்றால் இனிமேல் இந்த மாதிரிச் சின்ன ஊர்களாகத் தேடிப் போகலாம் என்று இருக்கிறோம்.

விவரம் இதுதான். அருவி சுமார் 30 மீட்டர் உயரம், விழுகிற இடத்தில் தண்ணீர் குளமாகத் தேங்கி அப்புறம் ஓடையாகப் போகிறது. முதல் பாதை ஓடைக்கரையோடு 1 கி.மீ., கிட்டத்தட்ட சமதளம். இரண்டாவது, அருவிக்கு எதிரே உயரத்தில் இருக்கும் பார்வை மேடைக்கு ஏறுகிறது, நிறையப் படிகள், போய்வர 4 கி.மீ. மூன்றாவது காட்டைச் சுற்றிக்கொண்டு வரும் 6 கி.மீ. வட்டப் பாதை, மொத்த ஏற்றம் 300 மீட்டர். அம்மாவுக்கு 66 வயது, முட்டி வலி உண்டு. பையனுக்கு 7. கூடவே என் மச்சான் வருகிறார், அருவியின் உச்சியில் நின்று ஒரு படமாவது எடுக்காமல் திரும்ப மாட்டேன் என்கிற ரகம்.

கையில் இருப்பது ஒரு பகல் மட்டும். எதை முதலில் வைத்துக்கொள்வது? எதை விட்டுவிடலாம்?

ஓடைக்கரை:

நடைதான் முதலில், இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. தண்ணீரில் இறங்கிவிட்டால் அன்றைய நாள் அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் வெளியே வரமாட்டான், பெரியவர்களுக்கு உடம்பு அசந்துபோகும், பாதையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள், உங்களுக்கோ நாளை என்று ஒன்று கிடையாது. அது போக, தண்ணீரில் ஊறின காலில் தோல் மெத்தென்று ஆகிவிடும். அந்தக் காலை அப்படியே ஈர சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டு 6 கி.மீ. நடந்தால் குதிகாலில் கொப்புளம் நிச்சயம்.

நேரக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். வில்லியம் நெய்ஸ்மித் என்கிற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன விதி ஒன்று இருக்கிறது, நடைக்காரர்கள் இன்றும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்: மணிக்கு 5 கி.மீ., அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் வட்டப் பாதைக்கு 6 கி.மீ. என்றால் 72 நிமிடம், 300 மீட்டர் ஏற்றத்துக்கு 30 நிமிடம், ஆக 1 மணி 42 நிமிடம். ஆனால் இது நல்ல தெம்புள்ள ஆள் எங்கேயும் நிற்காமல் நடந்தால் வருகிற கணக்கு. 7 வயதுப் பையன் ஒவ்வொரு மரவட்டைக்கும் நின்று குனிந்து பார்ப்பான், பார்க்கவும் வேண்டும். கணக்கை இரண்டால் பெருக்கி மூன்றரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சீக்கிரம் முடிந்தால் லாபம்.

காலைவெயில்:

மேலே சொன்னவரோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். குளியல் கடைசியில், சரி. ஆனால் அருவியைப் பார்ப்பது முதலில். பார்ப்பதும் குளிப்பதும் ஒரே வேலை என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பமே வருகிறது.

விடிந்த கொஞ்ச நேரத்தில் போய் நின்றால் அருவி உங்களுக்கு மட்டும்தான். சின்ன ஊர்களில் கூட்டம் ஒரே நேரத்தில் வந்து இறங்கும், பெரும்பாலும் காலை பத்து, பதினொரு மணிக்கு மேல். அதற்கு முன்னால் அங்கே நின்று பார்த்துவிட்டு, கூட்டம் வருகிற நேரத்தில் நீங்கள் காட்டுக்குள் போய்விடலாம்.

போவதற்கு முன்னால் வரைபடத்தில் அருவி எந்தத் திசை பார்த்து விழுகிறது என்று பார்த்து வையுங்கள். இதை யாரும் செய்வதில்லை, செய்தால் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா! கிழக்கு பார்த்த அருவி என்றால் காலை வெயில் நேராக அதன் மேல் விழும், நீங்கள் அருவியைப் பார்த்து நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், சாரலில் வானவில் தெரிய வேண்டுமென்றால் சூரியன் அங்கேதான் இருந்தாக வேண்டும். உங்கள் தலையின் நிழல் விழுகிற திசையிலிருந்து சுமார் 42 பாகை தள்ளி வில் வளைந்து நிற்கும். ஆகவே ஒரே இடத்தில் நின்று தேடாமல் நாலு அடி இந்தப் பக்கம், நாலு அடி அந்தப் பக்கம் நகர்ந்து பாருங்கள். மேற்கு பார்த்த அருவி என்றால் இதெல்லாம் சாயங்காலக் காட்சி, அப்போது ஓடைக்கரை சொல்கிற வரிசையே சரி. வடக்கு பார்த்த அருவியாக இருந்து இரண்டு பக்கமும் பாறை உயர்ந்திருந்தால் பல நாள் வெயிலே விழாது, எப்போது வேண்டுமானாலும் போகலாம். (வடக்கு பற்றிச் சொன்னது மட்டும் பூமியின் வடபாதிக்கு. தென்பாதியில் வடக்குக்குப் பதில் தெற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நினைக்காதீர்கள். விக்டோரியா அருவியில் ஏப்ரல் வாக்கில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது எழும்புகிற சாரலில் அருவியே மறைந்துபோகும், நனைவதுதான் மிச்சம். இன்னொரு பக்கம், பனி உருகி வருகிற, அமெரிக்காவின் யோசமிட்டி அருவியை மே மாதத்தில் பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள், ஆகஸ்டில் போனவர்கள் பெரும்பாலும் காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டு வருவார்கள். உங்கள் அருவிக்குத் தண்ணீர் மழையிலிருந்து வருகிறதா, பனியிலிருந்தா, மேலே உள்ள அணையிலிருந்தா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மழை என்றால் கனமழை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்து, வரத்து இன்னும் குறையாமல் இருக்கிற அந்த இடைவெளிதான் நேரம்.

நனைந்தகுடை:

இருவருக்கும் நன்றி. திசையைப் பார்த்தேன், கிழக்கும் தென்கிழக்குமாகச் சாய்ந்து நிற்கிறது, ஆகவே காலைவெயில் சொன்னதுதான் எங்களுக்கு. இன்னும் இரண்டு சந்தேகம். மச்சானை என்ன செய்வது? மேலே தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடுகிறதாம், யாரோ எடுத்த வீடியோவைக் காட்டி எங்களைச் சமாதானப்படுத்துகிறார். இன்னொன்று, கீழே குளத்தில் பையனை இறக்கலாமா?

கயிறுமுடிச்சு:

மீட்புக் குழு ஒன்றோடு கொஞ்ச காலமாகப் போய்வருகிறேன், அதனால் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மச்சான் விஷயம். கணுக்கால் அளவுத் தண்ணீர் என்பதுதான் அங்கே ஆபத்தே. ஆழமாக இருந்தால் யாரும் இறங்க மாட்டார்கள். வேகமாக ஓடுகிற தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும். அருவியின் விளிம்பில் பாறை காலங்காலமாகத் தண்ணீர் தேய்த்துத் தேய்த்து வழவழப்பானது, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய பாசி வேறு. பச்சையாகத் தெரிகிற பாசியையாவது பார்த்து ஒதுங்கலாம், கறுப்பாக மினுங்குகிற ஈரப் பாறை பார்ப்பதற்கு வெறும் பாறை மாதிரியே இருக்கும், கால் வைத்தால் எண்ணெய் கொட்டின தரை. விழுகிற ஆளுக்குப் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமே இருக்காது, விளிம்பு இரண்டு அடி தள்ளி இருக்கும். இதையெல்லாம் சொல்லியும் கேட்காவிட்டால் ஒன்றே ஒன்று சொல்லிப் பாருங்கள்: உச்சியில் நின்றால் அருவி தெரியாது. தண்ணீர் காலடியில் காணாமல் போகும், கீழே நிற்கிறவர்களின் தலை தெரியும், அவ்வளவுதான். படம் வேண்டுமென்றால் எதிரே இருக்கிற பார்வை மேடைதான் இடம். படத்துக்கு அலைகிறவர்களிடம் ஆபத்தைச் சொல்வதைவிட இது எடுபடுகிறது.

அடுத்தது குளம். வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்கிற பகுதிக்கு யாருமே போகக் கூடாது, நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த வெள்ளை என்பது தண்ணீரோடு கலந்த காற்று. காற்று கலந்த தண்ணீர் ஆளைத் தூக்காது, எவ்வளவு அடித்தாலும் மேலே வர முடியாது. மேலிருந்து விழுகிற தண்ணீர் அடிக்குத் தள்ளும், அடியில் போனது சுழன்று மறுபடியும் விழுகிற இடத்துக்கே கொண்டுவரும். அப்புறம் குளிர். தண்ணீர் 15 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்தால் திடீரென்று குதித்தவருக்கு முதல் ஓரிரு நிமிடம் மூச்சு தன் வசத்தில் இருக்காது, தானாக வாய் திறந்து இழுக்கும், அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. பையனை இறக்குவதாக இருந்தால் குளத்தில் வேண்டாம், குளம் வடிந்து ஓடையாகி, அடிமணல் தெளிவாகத் தெரிகிற இடத்தில், அவன் முட்டி அளவுத் தண்ணீரில், உங்கள் கை எட்டுகிற தூரத்தில் இறக்குங்கள்.

விழுகிற தண்ணீருக்கு நேர் கீழே தலையைக் கொடுத்து நிற்பது பலருக்கும் ஆசை. தண்ணீர் மட்டும்தான் வரும் என்று யார் சொன்னது? கல் வரும், முறிந்த கிளை வரும். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற கல் கீழே வந்து சேரும்போது மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் இருக்கும். பல அருவிகள் உருவாகிற விதமே அப்படித்தான்: மேலே கெட்டிப் பாறை, அடியில் இளகின பாறை, அடிப்பாறையைத் தண்ணீர் அரித்து அரித்து உள்ளே குடைந்துவிட, மேல்பாறை தாங்க ஆளில்லாமல் உடைந்து விழும், அருவி ஒரு படி பின்னால் போகும். நயாகரா இப்படியே சுமார் 12,000 ஆண்டுகளில் கிட்டத்தட்ட 11 கி.மீ. பின்வாங்கியிருக்கிறது. ஹவாயில் சேக்ரட் ஃபால்ஸ் என்ற அருவியில் 1999 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டமாக இருந்த நேரத்தில், மேலிருந்து பாறை சரிந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அந்தப் பூங்காவை அதோடு மூடிவிட்டார்கள். ஆகவே அருவிக்குப் பின்னால் குகை மாதிரிக் குடைந்த இடம் இருந்து, போகக்கூடாது என்று பலகை வைத்திருந்தால், அந்தப் பலகை சும்மா வைத்ததில்லை.

கடைசியாக வெள்ளம். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், பத்து கி.மீ. மேலே மலையில் மழை கொட்டியிருக்கும், தண்ணீர் உங்களைத் தேடி வந்துகொண்டிருக்கும். தெளிவாக ஓடின தண்ணீர் கலங்கலாக மாறுவது, சருகும் சுள்ளியும் திடீரென்று நிறைய மிதந்து வருவது, இரைச்சல் கனப்பது, கொஞ்ச நேரத்துக்கு முன் உட்கார்ந்திருந்த கல் நனைந்திருப்பது — இதில் ஒன்றைப் பார்த்தாலும் பை, செருப்பு எதையும் தேடாமல் கரையில் மேட்டுப் பக்கமாக ஏறிவிட வேண்டும். ஓடையின் போக்கில் கீழ்நோக்கி ஓடிப் பயனில்லை, தண்ணீர் உங்களைவிட வேகம். ஓடையின் நடுவில் உள்ள பாறையில் கூடாரம் போட்ட மாதிரி உட்காராதீர்கள், திரும்பி வர ஒரு வழி மட்டும் இருக்கிற இடம் அது. மேலே அணை இருந்தால் எப்போது திறப்பார்கள், திறக்கும்போது சங்கு ஊதுவார்களா என்று உள்ளூரில் கேட்டே ஆக வேண்டும், அதற்கு மழைகூடத் தேவையில்லை.

கைத்தடிஅக்கா:

தம்பி, அம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லையே, நான் பேசுகிறேன். எனக்கும் முட்டி வலிதான்.

ஏறுவதில் வலி இல்லை, இறங்குவதில்தான் எல்லாம். பார்வை மேடைக்குப் படி என்று சொன்னீர்கள், ஏறும்போது அம்மா நன்றாகத்தான் ஏறுவார், மூச்சு மட்டும் வாங்கும், நீங்களும் பரவாயில்லையே என்று நினைப்பீர்கள். இறங்கும்போது பாதியில் நின்றுவிட்டால் தூக்கிக்கொண்டா வருவீர்கள்? படியில் ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்கச் சொல்லுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில். கைத்தடி ஒன்று கட்டாயம், இறங்கும்போது தடி முதலில் கீழ்ப்படிக்குப் போய் ஊன்ற வேண்டும், அதற்கப்புறம்தான் கால். தொடைச் சதை வலி மறுநாள், அதற்கடுத்த நாள்தான் முழுசாகத் தெரியும், ஆகவே அன்றைக்குச் சாயங்காலம் நன்றாக இருக்கிறது என்று அம்மா சொன்னால் அதை வைத்து மறுநாள் பயணத்தை முடிவு செய்யாதீர்கள்.

என் யோசனை, அம்மாவுக்கு ஓடைக்கரைப் பாதை போதும். 1 கி.மீ. பாதையைக் குறைவாக நினைக்காதீர்கள், மெதுவாக நடக்கிறவர்களுக்குத்தான் அங்கே எல்லாம் தெரியும், சாரல் படுகிற பாறைச் சுவரில் எத்தனை விதமான பெரணி, நாலு அடி தள்ளினால் அதில் ஒன்றுகூட இருக்காது. வயதானவர்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து எல்லாருடைய பையையும் மடியில் போட்டு, "இதோ வந்துவிடுகிறோம்" என்று மூன்று மணி நேரம் காணாமல் போகிற வேலை மட்டும் வேண்டாம். ஒருவர் கூட இருங்கள், மாற்றி மாற்றி இருங்கள்.

அருவிப் பக்கம் பள்ளமாக இருந்தால் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது, இரைச்சலில் கூப்பிட்டாலும் கேட்காது. பையன் கழுத்தில் ஒரு விசில் மாட்டிவிடுங்கள், தொலைந்தால் இருக்கிற இடத்திலேயே நின்று மூன்று முறை ஊதுவது, நிறுத்துவது, மறுபடி மூன்று முறை என்று வீட்டிலேயே பழக்குங்கள். (பிரயாணம் முடிகிறவரை ஊதித் தள்ளுவான், அதற்கு நான் பொறுப்பில்லை.) பள்ளத்தில் சாயங்காலம் சீக்கிரம் இருட்டும், சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டால் வானம் வெளிச்சமாக இருந்தாலும் பாதை தெரியாது, ஆகவே சின்ன டார்ச் ஒன்று.

அட்டை இருக்கிற காடு என்றால் உப்பு, நெருப்பு எதுவும் வேண்டாம், கடித்த இடத்தில் அது கக்கிவிட்டால் புண் சீழ் பிடிக்கலாம். ஒட்டியிருக்கிற வாயோரம் நகத்தை வைத்து மெதுவாக நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துகிறது, அதனால் கொஞ்ச நேரம் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும், பயப்பட வேண்டாம், கழுவித் துணியால் அழுத்திக்கொள்ளுங்கள். அருவித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். ஒரு நிமிடம் நன்றாகக் கொதித்தால் போதும், 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர் என்றால் மூன்று நிமிடம். காலில் புண் இருந்தால் தேங்கின தண்ணீரில் இறங்கவும் வேண்டாம்.

மூன்றுகால்:

படம் எடுப்பவர்களுக்கு மட்டும். மச்சானிடம் சொல்லுங்கள், பளிச்சென்ற வெயிலில் அருவி வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் வரும், மேகமூட்டம்தான் அருவிப் படத்துக்கு நல்ல நாள். தண்ணீர் பட்டுநூல் மாதிரி வர வேண்டுமென்றால் ஷட்டரைக் கால் வினாடியிலிருந்து ஒரு வினாடி வரை திறந்து வைக்க வேண்டும், கேமராவைக் கையில் பிடித்து அது முடியாது. வானவில் வேண்டுமென்றால் வெயில் வேண்டும், பட்டு வேண்டுமென்றால் மேகம் வேண்டும், இரண்டும் ஒரே படத்தில் கேட்டு அடம்பிடிக்க வேண்டாம். லென்ஸ் துடைக்கிற துணி ஒன்றுக்கு மூன்றாக எடுத்துக்கொள்ளுங்கள், சாரலில் முதல் துணி ஐந்து நிமிடம்கூடத் தாங்காது.

ஓடைக்கரை:

காலைவெயிலுக்கு: பார்ப்பது வேறு, குளிப்பது வேறு என்றீர்களே, அது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 7 வயதுப் பையனை அருவி முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, பார்த்தது போதும் வா நடக்கலாம் என்று அழைத்துப் போய்க் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

காலைவெயில்:

அதற்குத்தான் பார்வை மேடை. அங்கிருந்து பார்த்தால் தண்ணீர் தொடுகிற தூரத்தில் இருக்காது, அடம் பிடிக்க வழியில்லை. அதோடு மலைப்பக்கம் இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திரளும், ஏற்றத்தைக் காலையிலேயே முடித்துவிடுவது அதற்கும் நல்லது.

நனைந்தகுடை:

சரி, இப்படி வைத்துக்கொள்கிறேன். விடிந்ததும் நானும் மச்சானும் பையனும் பார்வை மேடைக்கு, வானவில்லும் படமும் அங்கேயே. என் மனைவி அம்மாவோடு ஓடைக்கரைப் பாதையில் மெதுவாக நடந்து அருவிக்கு எதிரே வந்து இருப்பார். நாங்கள் இறங்கி வந்ததும் நான் அம்மாவோடு இருந்துகொள்கிறேன், மனைவிக்கு மேலே போக வேண்டுமென்றால் மச்சான் கூடப் போவார், அக்கா சொன்ன மாதிரி மாற்றி மாற்றி. கடைசியில் ஓடையில், முட்டி அளவுத் தண்ணீரில் குளியல். வட்டப் பாதையை விட்டுவிடுகிறோம், மூன்றரை மணி என்ற கணக்கைப் பார்த்ததுமே வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் வேண்டாம் என்றுவிட்டார்கள். உச்சியில் நின்றால் அருவி தெரியாது என்று மச்சானிடம் சொன்னேன், வீடியோவை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார், அதில் உண்மையிலேயே அருவி இல்லை. இப்போது டிரைபாட் எது வாங்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

ஷூ பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரே ஜோடி போதுமா?

கயிறுமுடிச்சு:

போதாது. நடைக்கு அடியில் ஆழமாக வெட்டு உள்ள ஷூ, தண்ணீருக்குள் நிற்க குதிகால் வாருள்ள ரப்பர் செருப்பு. தண்ணீரில் வெறுங்கால் வேண்டாம், கூழாங்கல்லுக்கு இடையில் உடைந்த கண்ணாடி கிடக்கும். புது ஷூவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போடுவேன் என்று இருக்காமல் இப்போதே வாங்கி வீட்டுப் பக்கம் நடந்து பழக்குங்கள். பையில் காய்ந்த சாக்ஸ் ஆளுக்கு ஒன்று, பிளாஸ்டிக் பையில் சுற்றி.

அப்புறம், முந்தின நாள் சாயங்காலமே பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்கு அப்புறம் மரம் விழுந்து பாதையை அடைத்திருந்தால் வாசலில் போய் நின்றுதான் தெரியவரும், இணையத்தில் போட மாட்டார்கள்.

கைத்தடிஅக்கா:

சோப்பு, ஷாம்பு எடுத்துக்கொண்டு போகாதீர்கள் தம்பி. ஓடையில் தவளையும் மீனும் இருக்கிறது. செடிக்குக் கெடுதல் இல்லை என்று அட்டையில் எழுதியிருந்தாலும் ஓடையில் கலக்கக் கூடாது, தண்ணீரை விட்டு அறுபது மீட்டராவது தள்ளிப் போய்த்தான் தேய்க்க வேண்டும், அந்தக் குளிரில் யார் போவார்கள்? பையனிடம் சொல்லிவிடுங்கள், சந்தோஷப்படுவான்.